காதால் படித்தவள்

உங்கள் பள்ளியில் சுவரளவுக்கு ஒரு திரை வந்திருப்பதாகவும், விரலால் தொட்டால் படம் நகர்வதாகவும் போன வாரம் என்னைப் பார்க்க வந்த இளைய ஆசிரியை ஒருவர் சொன்னார். பலவிதமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதை வைத்து எப்படிப் பாடம் சொல்வது என்றும் கேட்டார். அந்தத் திரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வேலையில் இருந்த காலத்தில் என் கைக்கு வந்தது ஒரே ஒரு டேப் ரெக்கார்டர்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன், அதனால் இரண்டு பெண்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை. இந்த வேலைக்கு வந்துவிட்டவர்கள் கேட்டுவைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். பள்ளிக்கு ஒரு டூ இன் ஒன் பெட்டி வந்தது. ரேடியோவும் கேட்கலாம், கேசட்டில் பதிவும் செய்யலாம். வந்த அன்றே தலைமையாசிரியை அதைத் துணியில் சுற்றித் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆண்டு விழா அன்று வெளியே வரும். மறுநாள் உள்ளே போய்விடும். கெட்ட மனுஷி இல்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு. ஆடிட்டில் ஒரு நாற்காலி குறைந்ததற்கே அலையாய் அலைந்தவர்.

வானொலியில் மத்தியானம் பள்ளிப் பாடம் வைப்பார்கள். அதைப் பிள்ளைகளைக் கேட்க வைக்கிறேன் என்று நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் தலைமையாசிரியை தொல்லை தாங்காமல் சாவியைக் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பில் மேசைமேல் பெட்டியை வைத்தேன். அன்று பருவக்காற்றைப் பற்றிய பாடம். இரைச்சலும் கரகரப்புமாக ஓடி முடிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெட்டியைப் பார்த்த சந்தோஷம்தான். பாடம் யார் மனதிலும் நின்றதாகத் தெரியவில்லை.

மறுநாள், "நேத்து என்ன கேட்டீங்க, யாராவது சொல்லுங்க" என்றேன். முன் பெஞ்சுகளில் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு கடைசி பெஞ்சில் இருந்து அஞ்சலை எழுந்தாள்.

அஞ்சலை மயிலம் சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்துப் பெண். அப்பா சொந்தக் காட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிறவர். அவள் ஒன்பதாவது வரை எப்படி வந்தாள் என்று யாருக்கும் புரியாது. புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து ஒரு சொல்லை ஊகித்துச் சொல்வாள்; அது வேறு சொல்லாக இருக்கும். தன் பெயரையே ஒரு நாள் எழுதியது மாதிரி இன்னொரு நாள் எழுத மாட்டாள். ஆசிரியர் அறையில் அவளுக்கு 'மக்கு' என்று பெயர். அவள் காதுபடவே சொல்வோம். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த அஞ்சலை எழுந்து நின்று, முந்தின நாள் வானொலியில் வந்த பாடத்தை ஆதியோடந்தமாகச் சொன்னாள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எங்கே ஈரத்தை வாங்குகிறது, நம் பக்கம் ஏன் ஐப்பசியில் மழை என்று எல்லாம். ரேடியோக்காரர் நடுவில் இருமியதைக்கூட விடவில்லை. வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பாடங்களைக் கேசட்டில் பதிய ஆரம்பித்தேன். என் குரல் கரடுமுரடு; அதோடு எனக்கு வேறு வகுப்புகள் இருந்தன. அதனால் விமலாவைப் பிடித்தேன். விமலா அந்த வகுப்பில் நன்றாக வாசிக்கிற பெண். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பல தலைமுறையாக அங்கே நிலம் வைத்திருக்கிறவர்கள். படிப்புக்காகத் திண்டிவனத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். மாமா தானியக் கடை வைத்திருந்தார். அந்தப் பெண் வாசித்தால் கமா எங்கே, புள்ளி எங்கே என்று கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தை ஒட்டி வரைபடங்கள் வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விமலா அங்கே உட்கார்ந்து வாசிப்பாள். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்துவாள். பிறகு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். கரண்ட் இல்லாவிட்டால் பேட்டரி கட்டை. கொஞ்ச நாளில் நடவுக்கும் களைக்கும் போய்ப் பாடத்தை விட்ட பெண்கள் வந்து சேர்ந்தார்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரலோடு சேர்ந்து வரியில் விரலை ஓட்டியவர்கள் உண்டு. கண்ணை மூடிக் கேட்டவர்கள் உண்டு. ஒரே பாடத்துக்குள் இத்தனை வாசல் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அஞ்சலையை வாய்மொழியாகக் கேட்டால் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவாள். எழுதச் சொன்னால் பழைய அஞ்சலைதான்.

இப்படி ஒரு வருஷம் போனது. பத்தாம் வகுப்புக்கு நானே வகுப்பாசிரியை. ஒரு நாள் அஞ்சலை தனியாக வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், விமலாவ திட்டாதீங்க. அது இப்ப புஸ்தகத்தப் பாத்து படிக்கறதில்ல."

"பின்னே?"

"மனசுல இருந்து சொல்லுது. நடுவுல வரி வுட்டுடுது. புச்சா ஒரு வரி சேத்துக்கினு போவுது. போன வருஷ கேசட்டு கேளுங்க, இது கேளுங்க. தெரியும்."

இரண்டையும் போட்டுக் கேட்டேன். போன வருஷக் குரல் ஓடுகிற தண்ணீர் மாதிரி இருந்தது. இந்த வருஷக் குரலில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு தடுமாற்றம். அடுத்த வரி எங்கே என்று தேடுகிற மாதிரி. தேடிக் கிடைக்காதபோது தானே ஒரு வரியைக் கட்டிச் சேர்த்திருந்தாள். பொருள் சரியாகத்தான் இருந்தது. வார்த்தைகள் புத்தகத்தில் இல்லை.

விமலாவை அந்த அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அதை நான் முன்பும் பார்த்திருக்க வேண்டும். பள்ளி விட்டதும் சாயங்காலம் ஒரு நிமிஷம் நிற்க மாட்டாள். சமணர் வீடு, விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டாக வேண்டும், அதனால் ஓடுகிறாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

"எப்பத்தில இருந்து?" என்றேன்.

அவள் உடனே அழுதுவிட்டாள். "இருட்டுனா சின்ன வயசுலயே தெரியாது டீச்சர். இப்ப பகல்லயும் ஓரமெல்லாம் போயிடுச்சி. நடுவுல மட்டும் தெரியுது. அதுவும் கொறஞ்சிக்கினே வருது. ஊட்ல சொல்லிடாதீங்க. சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்க."

சொல்லாமல் இருக்க முடியுமா? வைத்தியம் இருந்து அதைத் தாமதித்தால்? அன்று சாயங்காலமே மாமா கடைக்குப் போனேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். அந்த வாரமே விமலாவைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் நிறைய நேரம் பார்த்தார். விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறது, குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்திருக்கும், இதற்கு மருந்து இல்லை என்றார். இருக்கிற பார்வை எவ்வளவு காலம் என்று மாமா கேட்டதற்கு, "அதிகம் எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். வழியில் இருந்த வயல்களை விமலா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் பயந்தபடியே செஞ்சியில் இருந்து அப்பா அழைத்துப் போக வந்தார். அவரை நிறுத்தியது மாமாதான். "பத்தாவது முடிக்கட்டும் மச்சான். அப்பறம் உங்க இஷ்டம். கண்ணு போனா படிப்பும் போவணுமா?" என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தச் சின்ன அறையில் எல்லாம் இடம் மாறியது. விமலாவால் வாசிக்க முடியாது. போன வருஷம் தானே பதிந்த பாடங்களைத் தானே கேட்டுப் படிக்க ஆரம்பித்தாள். தன் குரலைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்ப்பதில்லை; வேறு வேலை இருப்பதுபோல வெளியே போய்விடுவேன். பத்தாம் வகுப்புப் பாடங்களை நானும் மற்ற ஆசிரியைகள் இருவரும் பதிந்தோம். பெட்டியின் பட்டனை அழுத்துவது அஞ்சலை. கேட்டு முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். சண்டையும் உண்டு. ஒருநாள் அஞ்சலை சொன்னாள்: "டீச்சர், இதுக்கு கண்ணு தெர்ல, எனக்கு எழுத்து தெர்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு." விமலா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

அரசுத் தேர்வு நெருங்கியது. பார்வை இல்லாதவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு; விழுப்புரத்தில் இருந்த கல்வி அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். விமலாவுக்கு விண்ணப்பம் எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை மூட மனம் வரவில்லை. இன்னொரு தாளை எடுத்து அஞ்சலைக்கும் எழுதினேன்.

தலைமையாசிரியை இரண்டாவது தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இவளுக்கு என்ன கோளாறு?"

"எழுத வரலைங்க. எல்லாம் தெரியும்."

"எழுத வராதவங்களுக்குத்தானே பெயில்னு ஒண்ணு வச்சிருக்கு?"

அஞ்சலையை அழைத்து வந்து நிறுத்தினேன். "நீங்களே கேளுங்க" என்றேன். அவர் அறிவியலில் கேட்டார், வரலாற்றில் கேட்டார். அஞ்சலை கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். கால் மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். தலைமையாசிரியை கண்ணாடியைத் திரும்பப் போட்டு, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆபீஸைப் பத்தி எனக்குத் தெரியும். ஒண்ணு கேட்டா ஒண்ணு கிடைக்கும். ரெண்டு கேட்டா ரெண்டும் நின்னுபோகும். யோசிச்சுச் செய்."

யோசித்தேன். பிறகும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். அதிகாரி நேரில் கேட்டால் அஞ்சலையே தனக்காகப் பேசிக்கொள்வாள் என்று நம்பினேன். பஸ்ஸில் கூட்டம். முண்டியம்பாக்கம் தாண்டும்போது சர்க்கரை ஆலையின் பாகு நாற்றம் வந்தது. "விழுப்புரம் வந்துடுச்சி" என்று விமலா சொன்னாள். அவள் இப்போது ஊர்களை மூக்கால் அடையாளம் கண்டுகொண்டிருந்தாள்.

அதிகாரி ஒரு நல்ல மனிதர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்டவர் என்றால் கதை சுலபமாகிவிடும். மேசைமேல் கோப்பு குவிந்து கிடந்தது; அவர் முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. விமலாவின் சான்றிதழைப் படித்தார். அவளை உட்காரச் சொன்னார். அன்பாக இரண்டு வார்த்தை பேசினார். பிறகு அஞ்சலையின் தாளை எடுத்தார்.

"இந்தப் பொண்ணுக்கு டாக்டர் சர்டிபிகேட் எங்கே?"

"இல்லைங்க சார். இவளுக்குக் கண்ணு, காது எல்லாம் நல்லா இருக்கு. எழுத்து மட்டும் பிடிபடலை. கேட்டுப் படிக்கிறா. நீங்க ஏதாவது கேளுங்க."

அவர் அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தார். "வேலூர்ல சிப்பாய்ங்க ஏம்மா கலகம் பண்ணாங்க?"

"தலப்பாவ மாத்தச் சொன்னாங்க சார். தோலு வச்ச புது தொப்பி மாதிரி ஒண்ணு. நெத்தில பூசக்கூடாது, காதுல கடுக்கன் போடக்கூடாது, தாடி வைக்கக்கூடாதுன்னாங்க. மாட்டேன்னவங்கள அடிச்சாங்க. அவங்களுக்கு ஏற்கெனவே உள்ளுக்குள்ள கோவம் இருந்துச்சி சார். கோட்டையில திப்பு சுல்தான் பசங்கள அடைச்சி வச்சிருந்தாங்க இல்ல, அதுவும் சேந்துக்கிச்சி..."

அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பெண்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நல்லா சொல்லுது. ஒத்துக்கறேன். ஆனா இதுக்கு என்ன பேரு டீச்சர்? மேல எழுதணும்னா என்ன குறைன்னு எழுதணும். பேர் வேணும்."

"பேரு எனக்குத் தெரியாதுங்க சார்."

"எனக்கும் தெரியாது." இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கண்ணு தெரியாத பொண்ணுக்கு இப்பவே இங்கயே நான் கையெழுத்துப் போட முடியும். விதி இருக்கு. இந்தப் பொண்ணுக்கு விதி இல்லை, மேலதான் கேக்கணும். ஒரே பள்ளி, ஒரே டீச்சர், ரெண்டு கேஸ்; ஒண்ணை மேல அனுப்பினா மத்ததையும் சேத்துத்தான் அனுப்பணும். ரெண்டும் ஒண்ணா மேல போச்சுன்னா, என்னடா இதுன்னு சந்தேகம் வரும். விளக்கம் கேப்பாங்க. அது திரும்பி வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும். ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும். இந்த ஒண்ணை நீங்க வாபஸ் வாங்கிக்கிட்டா, அந்தப் பொண்ணுக்கு இப்பவே ஆர்டர் தர்றேன். நீங்களே சொல்லுங்க."

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்ல நினைத்தேன். பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் ஒரு பிள்ளைக்காகப் போராடலாம் என்று தயாராகத்தான் போவீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நீங்கள் போராட முடியாதபடி நியாயமாகப் பேசுவார். யோசிக்க ஒரு நாள் கேட்டால் அந்த ஒரு நாளும் தேர்வுக்கு முன்னால் கழிந்துபோகும். யாரிடமும் கேட்க முடியாது. அந்த அறையில், அந்த நாற்காலியில், நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

நான் இரண்டு பெண்களின் வீட்டையும் நினைத்தேன். விமலாவுக்கு இந்தத் தேர்வு போனால் ஊரில் ஒரு அறைக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். இன்னொரு முறை யாரும் அனுப்ப மாட்டார்கள். அஞ்சலைக்குக் கண் இருக்கிறது, கையால் வேலை செய்ய முடியும், தவறினால் மறுபடி எழுதலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கையை நீட்டி அஞ்சலையின் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதிகாரி விமலாவின் தாளில் கையெழுத்திட்டார். "நீங்க செஞ்சது சரி டீச்சர்" என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த அறைக்கு அரைக் கதவுதான். வெளியே பெஞ்சு பக்கத்திலேயே இருந்தது. விமலா தண்ணீர் குடிக்கப் பியூனோடு போயிருந்தாள். அஞ்சலை மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அவளே எழுந்தாள்.

"கேட்டுச்சி டீச்சர்" என்றாள்.

நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. "விமலாகிட்ட சொல்லாதீங்க. அது பேஜார் பண்ணும். படிக்காது" என்றாள்.

விமலா வந்ததும் ஆர்டரை அவள் கையில் கொடுத்தேன். "உனக்கு?" என்று அஞ்சலையிடம் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? டீச்சர் எழுத சொல்லித் தர்றேன்னிட்டாங்க. நானே எழுதிக்குவேன். வா, ஜல்தி, பஸ்ஸு போயிடும்."

நான் சொல்லித் தரத்தான் செய்தேன். மிச்சம் இருந்த வாரங்களில் காலையும் மாலையும் அவளை உட்கார வைத்து எழுத வைத்தேன். பெரிய எழுத்தாக, சின்னச் சின்ன விடையாக. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். எழுதியதை வாசிக்கச் சொன்னால், தான் எழுத நினைத்ததைச் சொல்வாள். தாளில் வேறு இருக்கும். ஒன்பது வருஷம் செய்ய வேண்டியதைச் சில வாரத்தில் செய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

தேர்வு நடக்கும் நாட்களில் சொந்தப் பள்ளி ஆசிரியர்கள் அறைக்குள் போகக் கூடாது. சமூக அறிவியல் தேர்வு அன்று நான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். விமலாவுக்கு எழுத எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவர்களுக்குத் தனி அறை. மணி அடித்தது. அஞ்சலைதான் முதலில் வந்தாள். கேள்வித்தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"எப்படிம்மா இருந்தது?"

"பக்கத்துல ஒரு பொண்ணு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கினே கேள்வி படிச்சது டீச்சர். அதனால எல்லா கேள்வியும் எனக்கும் தெரிஞ்சிடுச்சி." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எல்லாமே தெரிஞ்ச கேள்வி."

"எழுதினியா?"

"தெரிஞ்சதுங்க" என்றாள் மறுபடி. பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். விரலெல்லாம் மை.

முடிவு வந்தது. விமலா நல்ல மதிப்பெண்ணில் தேறினாள். அஞ்சலை எல்லாப் பாடத்திலும் தோற்றிருந்தாள். மாமா பள்ளிக்கு ஒரு தட்டு நிறைய லட்டு கொண்டு வந்தார். கூடவே விமலா, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்குள் நடுவில் இருந்த பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. யாரோ அவளிடம் அஞ்சலையின் முடிவைச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் குரல் வந்த பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அன்னிக்கு அவளுக்கும் கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன்."

"அப்ப ஏன் கிடைக்கல?"

"ஒருத்தருக்குத்தான் உடனே தர முடியும்னாங்க."

"அந்த ஒருத்தர் நானுன்னு யார் சொன்னது?"

"நான்தாம்மா சொன்னேன்."

"அவ எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள். லட்டைக் கையில் வாங்கினாள், சாப்பிடவில்லை. அவள் பிற்பாடு சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள், தொட்டு வாசிக்கக் கற்றாள், வேலைக்கும் போனாள். ஆண்டுக்கு ஒரு முறையாவது எனக்குப் போன் செய்வாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. கேட்காமலே ஒவ்வொரு முறையும் பேச்சு அங்கே போய் நிற்கும்; பிறகு இருவரும் வேறு ஏதாவது பேசுவோம்.

இவ்வளவு வரை பல ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைச் சொன்னதில்லை.

பள்ளி திறந்ததும் நான் அஞ்சலையின் ஊருக்குப் போனேன். தவறியவர்களுக்கு மறுதேர்வு உண்டு, அவளை மறுபடி படிக்க வைக்க வேண்டும், அதற்குள் மேலே எழுதி அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விதைப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவள் வீட்டு வாசலில் கோணியை விரித்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு மரப் பலகையைத் துடைத்துப் போட்டாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"வேணாம் டீச்சர்."

"இந்த முறை நிச்சயமா..."

"வேணாம் டீச்சர். மறுபடி போய் தெரிஞ்ச கேள்விய பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்க முடியாது." தலையைக் குனிந்துகொண்டு இன்னும் நான்கைந்து காயை உடைத்தாள். "ஒண்ணே ஒண்ணு செய்யறீங்களா? நான் மக்கு இல்லன்னு எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

அப்பா காட்டில் இருந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஐயா, உங்க பொண்ணு மக்கு இல்லைங்க" என்றேன். "என் வகுப்பிலேயே நல்லா தெரிஞ்ச பொண்ணுங்கள்ல இவளும் ஒருத்தி. எதைக் கேட்டாலும் சொல்லுவா. எங்க பெரிய டீச்சரே கேட்டுப் பார்த்தாங்க. விழுப்புரத்துல பெரிய அதிகாரியே கேட்டுப் பார்த்தாரு. எல்லாத்துக்கும் பதில் சொன்னா."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னா சரிதாங்க டீச்சரம்மா. அப்ப ஏன் பெயிலாப் போட்டாங்க?"

"அவளுக்கு எழுத வரலைங்க. பரீட்சைல எழுதித்தான் காட்டணும்."

"எழுத வர்லன்னா வாயால கேட்டுக்க வேண்டிதானேங்க? நீங்க கேட்டீங்க. பெரிய டீச்சரம்மா கேட்டாங்க. அந்த ஆபீசரும் கேட்டாருன்றீங்க. பரீட்ச வச்சவங்க மட்டும் ஏங்க கேக்கல?"

சண்டைக்குக் கேட்கவில்லை அவர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அஞ்சலை கையில் இருந்த மல்லாட்டையை உடைக்காமல் நிறுத்தி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படிக் கேட்க விதி இல்லைங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்று அவர் தலையை ஆட்டினார். அஞ்சலை மறுபடி மல்லாட்டையை உடைக்க ஆரம்பித்தாள்.